ஊரைக் காக்க வந்த முகமூடிகள்

2016 ஜூலை 21 அன்று ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் டொனால்ட் டிரம்ப் அதிபர் வேட்பாளராக மேடையேறினார். இந்த அமைப்பை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை, ஆகவே என் ஒருவனால்தான் இதைச் சரிசெய்ய முடியும் என்றார். எதிர்த் தரப்பு இதை அகம்பாவம் என்றது. அரங்கில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய ஒரு கதையின் வசனம் போலத்தான் அது இருந்தது. அந்தக் கதையின் மிகப் பிரபலமான வடிவம் பிறந்ததும் அதே ஊரில்தான். அரங்கத்திலிருந்து சில மைல் தள்ளியுள்ள கிளென்வில் பகுதியில், 1930களில், ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு பள்ளித் தோழர்கள் சூப்பர்மேனை உருவாக்கினார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்லவர்கள் வாழும் அமைதியான ஊர். வெளியிலிருந்து ஒரு தீமை வருகிறது. போலீஸ், நீதிமன்றம், நகரசபை எதனாலும் அதைத் தடுக்க முடியவில்லை. சில சமயம் அவர்களே விலை போயிருப்பார்கள். எங்கிருந்தோ ஒருவன் வருகிறான். பதவி இல்லை, பெண் ஆசை இல்லை, பெரும்பாலும் முகமும் இல்லை. அடித்துத் துவைத்து ஊரை மீட்கிறான். நன்றி சொல்ல ஆள் தேடும்போது காணாமல் போயிருப்பான். ராபர்ட் ஜூவெட் என்ற விவிலிய அறிஞரும் ஜான் ஷெல்டன் லாரன்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரும் 1977-லேயே இதை அமெரிக்காவின் சொந்தப் புராணம் என்று அடையாளம் காட்டினார்கள். பழைய புராணங்களில் நாயகன் ஊரைவிட்டுப் போய், சோதனைகளைக் கடந்து, திரும்பிவந்து ஊரோடு சேர்ந்துகொள்வான். அமெரிக்கக் கதையில் அவன் ஊரோடு சேர்வதே இல்லை.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது நாயகனின் பறக்கும் சக்தி அல்ல, ஊர்க்காரர்களின் நிலைதான். கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, வழக்குத் தொடுத்து அவர்கள் ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டால் கதையே இல்லாமல் போய்விடும். அதனால் கதை அவர்களை எப்போதும் கையாலாகாதவர்களாகவே வைத்திருக்க வேண்டும். யாரை யாரிடமிருந்து காப்பாற்றுவது என்பதைப் பற்றிக் கதைக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. அந்த இடத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். நிரப்பியும் இருக்கிறார்கள்.

மிக மோசமான உதாரணம் 1915-இல் வந்தது. டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மௌனப் படத்தில், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென்மாநிலங்களில் கறுப்பர்களிடமிருந்து வெள்ளைக்காரர்களைக் 'காப்பாற்ற' முகமூடி அணிந்த குதிரைவீரர்கள் வருகிறார்கள். அவர்கள் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர். படம் வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் க்ளான் மறுபடி தொடங்கப்பட்டது. சிலுவையைக் கொளுத்தும் சடங்குகூட அந்தப் படத்திலிருந்தும் அதன் மூலமான நாவலிலிருந்தும் எடுத்துக்கொண்டதுதான். மாற்று அடையாளம், தனி உடை, சட்டத்துக்கு வெளியே நீதி: பின்னால் வந்த காமிக்ஸ் நாயகர்களின் உபகரணங்கள் எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. இதைச் சொன்னால் காமிக்ஸ் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிறகு 1933-இல் டெட்ராய்ட் வானொலியில் லோன் ரேஞ்சர் வந்தான். யார் அந்த முகமூடி மனிதன் என்று ஊரார் கேட்பதற்குள் குதிரை தூரத்தில் போய்க்கொண்டிருக்கும். நம் காமிக்ஸ் வாசகர்கள் வேதாளராக அறிந்த ஃபாண்டம் 1936-இல் வந்தான். இரண்டு வருடம் கழித்து, பத்து சென்ட் விலையில், 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன்.

அந்த முதல் இதழைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இன்று நாம் அறிந்த சூப்பர்மேன் அதில் இல்லை. அவனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். வேற்றுக்கிரக வில்லன்களும் இல்லை. கதை தொடங்கும்போது ஒரு பெண்ணைக் கட்டித் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவள்தான் உண்மையான கொலைகாரி. செய்யாத கொலைக்காக வேறொரு பெண் சில நிமிடங்களில் மின்சார நாற்காலியில் சாகப்போகிறாள். ஆளுநர் வீட்டுக் கதவை உடைக்கிறான், படுக்கையறையின் இரும்புக் கதவைப் பெயர்த்தெடுக்கிறான், வேலையாள் சுட்ட குண்டு உடம்பில் பட்டுத் தெறிக்கிறது. இத்தனையும் செய்துவிட்டு அவன் கேட்பது என்ன? ஆளுநர் தொலைபேசியை எடுத்து தண்டனையை நிறுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சிறையை உடைத்து அந்தப் பெண்ணைத் தூக்கிவர அவனால் முடியும். ஆனால் அரசு எந்திரத்தை அதன் வேலையைச் செய்ய வைக்கிறான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்த பக்கங்களில் மனைவியை அடிக்கும் ஒருவனை உதைக்கிறான். வாஷிங்டன் போய், செனட்டரை விலைக்கு வாங்கும் ஒரு தரகனைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிமேல் ஓடுகிறான். மூன்றாவது இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளிகளை இறக்கும் முதலாளியை, விருந்து உடையிலிருக்கும் அவருடைய நண்பர்களோடு அதே சுரங்கத்துக்குள் சிக்கவைக்கிறான். எட்டாவது இதழ் இன்னும் வேடிக்கை. புயலில் இடிந்த வீடுகளை அரசு புதிதாகக் கட்டித் தருகிறது என்று தெரிந்ததும், நகரத்தின் பாழடைந்த ஏழைக் குடியிருப்புகளைத் தானே புயலாக மாறி இடித்துத் தள்ளுகிறான். அவனைத் தடுக்க வந்த விமானங்கள் போடும் குண்டுகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அந்த இடத்தில் அரசு நல்ல அடுக்குமாடிகளைக் கட்டுகிறது. பெருமந்தக் காலம், அதிபர் ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' என்ற அரசு நிவாரணத் திட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம். வேலையில்லாத் திண்டாட்டம் அறிந்த தொழில் நகரத்தின் இரண்டு யூதப் பையன்கள் எழுதியது அதே வாடையோடுதான் இருந்தது. சீகலின் அப்பா 1932-இல் தன் பழைய துணிக்கடையில் திருட்டு நடந்த இரவில் மாரடைப்பில் இறந்துபோனார். குண்டு துளைக்காத ஒருவனை மகன் ஏன் கற்பனை செய்தான் என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படியும் இருக்கலாம், எல்லாவற்றையும் ஒரு மரணத்தில் முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை.

அந்த இரண்டு பேரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பல பத்தாண்டு வழக்குகளுக்கும் வறுமைக்கும் பிறகு, 1975-இல், சக ஓவியர்களான நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் பத்திரிகைகளைக் கூட்டிச் சத்தம் போட்ட பிறகே ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயரும் கிடைத்தன.

சூப்பர்மேன் மெல்ல மெல்லச் சாதுவானான். முதலாளிகளை விட்டுவிட்டு வங்கிக் கொள்ளையர்களையும் பைத்தியக்கார விஞ்ஞானிகளையும் பிடிக்கத் தொடங்கினான். ஆனால் 1940-இல் இன்னொரு கூத்து நடந்தது. 'லுக்' பத்திரிகை கேட்டதற்கு, சூப்பர்மேன் உலகப்போரை எப்படி முடிப்பான் என்று சீகலும் ஷூஸ்டரும் இரண்டு பக்கம் வரைந்து கொடுத்தார்கள். ஹிட்லரின் கழுத்தையும் ஸ்டாலினின் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் போவது ஜெனீவாவுக்கு, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் விசாரணைக்கு. இங்கேயும் குற்றவாளிகளை ஒரு நீதிமன்றத்திடம்தான் ஒப்படைக்கிறான், அதுவும் நிஜத்தில் யாருமே மதிக்காத ஒரு சங்கத்திடம். ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் வாரப் பத்திரிகை இதற்குப் பதிலடியாக சீகலின் யூதப் பிறப்பை இழிவாகக் கேலி செய்து எழுதியது. 14 ஆண்டுகள் கழித்து, 1954-இல், நியூயார்க் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று எழுதிய புத்தகத்தில், சூப்பர்மேனின் மார்பில் ஒரே ஒரு 'எஸ்' இருப்பதற்காகவாவது நன்றி சொல்லவேண்டும், எஸ்.எஸ். என்று இல்லையே என்றார். நாஜிகளுக்கு யூத சூழ்ச்சி, மருத்துவருக்கு நாஜி வாடை. பார்த்தது ஒரே ஆளைத்தான்.

வெர்தாமின் புத்தகத்துக்கும் செனட் விசாரணைக்கும் பயந்து பதிப்பாளர்கள் அதே ஆண்டு தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை எழுதிக்கொண்டார்கள். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியவற்றின் மீது அவமதிப்பு வரும்படி எதையும் காட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. சட்டத்தைத் தாண்டி அடிப்பவர்கள் சட்டத்தை மதிக்க வேண்டுமாம். இந்த முரண்பாட்டோடு அடுத்த பல ஆண்டுகள் காமிக்ஸ் ஓடியது. அந்த விதியின் கடைசி மூச்சு 2011-இல்தான் நின்றது.

அதற்குமுன், 1946 கோடையில், வானொலி சூப்பர்மேன் நல்ல காரியம் ஒன்று செய்தான். 16 பகுதிகளாக வந்த ஒரு தொடரில் அவன் க்ளானைப் போலிருக்கும் ஒரு ரகசியக் கும்பலோடு மோதினான். சீன வம்சாவளிச் சிறுவன் ஒருவன் பேஸ்பால் அணியில் இடம்பிடிக்கிறான். இடம் இழந்த பையனின் மாமா அந்தக் கும்பலின் தலைவர். கடைசியில் மேலிடத்துத் தலைவர், இதெல்லாம் வியாபாரம், அங்கியும் சந்தாவும் விற்கிற தொழில் என்று சொல்லும்போது மாமாவே அதிர்ந்துபோகிறார். க்ளானுக்குள் ஊடுருவி இந்த ரகசியங்களைக் கொடுத்தவன் நான்தான் என்று ஸ்டெட்சன் கென்னடி என்ற எழுத்தாளர் பின்னாளில் சொன்ன கதையில் எவ்வளவு உண்மை என்பதில் சர்ச்சை உண்டு. ஆனால் தொடர் உண்மை. 1915-இன் முகமூடிக் கதையை 1946-இன் முகமூடிக் கதை அடித்து வீழ்த்தியது. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

மதம் இதற்குள் எங்கே வந்தது என்றால், அது முதலிலிருந்தே இருந்தது. அழியப்போகும் உலகிலிருந்து பெற்றோர் குழந்தையை ஒரு கலத்தில் வைத்து அனுப்புகிறார்கள், வேற்று மக்கள் எடுத்து வளர்க்கிறார்கள்: நாணல் கூடையில் மோசே வந்த கதை. 'கல்-எல்' என்ற அவனுடைய பிறப்புப் பெயரில் எபிரேய மொழியில் கடவுளைக் குறிக்கும் 'எல்' ஒலிக்கிறது. அப்புறம் அவனை ஹாலிவுட் ஞானஸ்நானம் செய்துவைத்தது. 1978 படத்தில் தந்தை தன் ஒரே மகனை மனிதர்களிடம் அனுப்புவதாகச் சொல்கிறார். 2013 படத்தில் நாயகனுக்கு 33 வயது. தேவாலயத்தில் அமர்ந்து பாதிரியாரிடம் பேசும்போது பின்னாலுள்ள கண்ணாடி ஓவியத்தில் இயேசு ஜெபித்துக்கொண்டிருக்கிறார். படத் தயாரிப்பு நிறுவனம் போதகர்களுக்கு ஞாயிறு பிரசங்கக் குறிப்புகளே தயாரித்துக் கொடுத்தது. 'இயேசு: முதல் சூப்பர்ஹீரோ' என்பது தலைப்பு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுவிசேஷங்களின் இயேசு கைதாகும்போது பேதுருவிடம் வாளை உறையில் போடச் சொல்கிறார். வேண்டிக்கொண்டால் தேவதூதர் படைகளே வரும், ஆனாலும் கேட்கமாட்டேன் என்கிறார். இது சூப்பர்ஹீரோ கதைக்கு நேர்எதிர். பிரசங்கத்துக்கு வந்தவர் வேறு இயேசு. வெளிப்படுத்தல் புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரைமேல் போருக்கு வருபவர். அமெரிக்க எவாஞ்சலிக்கல் சபைகள் பலவற்றில் உலக முடிவு பற்றிய பிரசங்கங்களில் அதிகம் வருபவரும் அவர்தான். நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம், நடுவில் யாரும் இல்லை, கடைசியில் ஒரே அடி.

அரசியல் தலைவரைக் கடவுளாக்கும் பழக்கமும் அங்கே பழையதுதான். வாஷிங்டனில் கேப்பிட்டல் கட்டடத்தின் பெரிய குவிமாடத்துக்குள் அண்ணாந்து பார்த்தால், ஜார்ஜ் வாஷிங்டன் மேகங்களின் நடுவே தேவதைகள் புடைசூழ வானுலகம் ஏறுவது தெரியும். கான்ஸ்டன்டினோ புருமிடி 1865-இல் வரைந்து முடித்தது. தரையிலிருந்து 180 அடி உயரத்தில் இருப்பதால் கீழிருந்து பார்க்கும்போது சரியாகத் தெரிய சில உருவங்களை 15 அடி அளவுக்கு வரைந்திருக்கிறார். ஆனால் வாஷிங்டன் அந்த உயரத்துக்குப் போனதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. போரில் வென்ற பிறகு, 1783 டிசம்பரில், அன்னாபொலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரஸிடம் படைத்தலைவர் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதிபரான பிறகும் இரண்டு தவணையோடு நிறுத்திக்கொண்டார். முகமூடி நாயகன் கடைசிக் காட்சியில் மறைந்துபோவதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது. அளவில்லாத சக்தியை ஒருவனிடம் கொடுத்துவிட்டு அமெரிக்கர்கள் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றால், அவன் போய்விடுவான் என்ற நம்பிக்கையில்தான்.

தற்கால அரசியல்வாதிகள் கதையின் முதல் பாதியை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். போய்விடும் பகுதியை அவ்வளவு விரும்புவதில்லை. இதில் கட்சி வித்தியாசம் பெரிதாக இல்லை. 1960-இல் எழுத்தாளர் நார்மன் மெய்லர் கென்னடியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே சூப்பர்மேன் இருந்தான். 2008 அக்டோபரில் ஒரு விருந்தில் ஒபாமா, நான் மாட்டுத் தொழுவத்தில் பிறக்கவில்லை, சூப்பர்மேனின் கிரிப்டான் கிரகத்தில் பிறந்து பூமியைக் காப்பாற்ற அனுப்பப்பட்டவன் என்று சிரிக்க வைத்தார். தன் ரசிகர்களைத் தானே கிண்டலடித்ததுதான். ஆனாலும் ஒரே வாக்கியத்தில் இயேசுவும் சூப்பர்மேனும் வந்துவிட்டார்கள்.

ஜார்ஜ் புஷ் காலத்தில் இது சிரிப்போடு நிற்கவில்லை. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்றாம் நாள் தேசிய தேவாலயத்தில் பேசிய அவர், உலகத்திலிருந்து தீமையை அகற்றுவது நம் பொறுப்பு என்றார். ஒரு பயங்கரவாத அமைப்பைத் தேடிப் பிடிப்பது என்றால் அதற்கு எல்லை உண்டு, முடிவு உண்டு. தீமையை அகற்றுவதற்கு? 2002 பிப்ரவரியில் ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' அட்டைப்படத்தில் புஷ்ஷையும் அவர் அரசின் முக்கியஸ்தர்களையும் சினிமா, காமிக்ஸ் வீரர்களாக வரைந்து இதைக் கேலி செய்தது: புஷ் ராம்போ, காலின் பவல் பேட்மேன், காண்டலீசா ரைஸ் ஸீனா, செனி டெர்மினேட்டர், ரம்ஸ்ஃபெல்ட் கோனன். ஜெர்மனிக்கான அமெரிக்கத் தூதர் டேனியல் கோட்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கே போனார். கண்டிக்க அல்ல. அதிபருக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று சொல்லி, வெள்ளை மாளிகைக்கு 33 பெரிய பிரதிகள் கேட்டார். அடுத்த ஆண்டு மே 1 அன்று போர் விமானி உடையில் புஷ் விமானந்தாங்கிக் கப்பலில் வந்து இறங்கினார். பின்னால் 'பணி முடிந்தது' என்ற பதாகை. ஈராக்கில் பணி முடிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

ஈராக்கிலிருந்து ஒரு சின்னமும் திரும்பி வந்தது. மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் பனிஷர் 1974-இல் ஸ்பைடர்மேன் கதையில் வில்லன் மாதிரி அறிமுகமானவன். வியட்நாம் போரில் இருந்தவன். கும்பல்காரர்கள் தன் குடும்பத்தைக் கொன்றதால் குற்றவாளிகளைச் சுட்டுக் கொல்கிறான். அவன் மார்பிலுள்ள நீளப்பல் மண்டையோட்டை ஈராக்கில் அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படை வீரர்கள் சிலர் தங்கள் வண்டிகளில் வரைந்துகொண்டார்கள். பிறகு அது அமெரிக்க போலீஸ்காரர்களுக்கு வந்தது. 2017-இல் கென்டக்கி மாநிலத்தின் கேட்லெட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் ரோந்து வண்டிகளிலேயே அதை ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். சட்டத்தின் தோல்வியைக் காட்டவே பிறந்த ஒருவனின் அடையாளத்தைச் சட்டத்தின் காவலர்கள் மாட்டிக்கொள்வது என்ன அர்த்தம்? அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி கான்வே இதைப் பலமுறை கண்டித்தார். 2019-இல் வந்த ஓர் இதழில் பனிஷரே போலீஸ் வண்டியிலிருந்து அந்த ஒட்டியைக் கிழித்தெறிந்து, நீங்கள் சட்டத்தைக் காக்க உறுதிமொழி எடுத்தவர்கள், நான் அதை எப்போதோ விட்டுவிட்டவன், முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான். அதைப் படித்து யாரும் ஒட்டியைக் கழற்றியதாகத் தெரியவில்லை. 2021 ஜனவரி 6 அன்று கேப்பிட்டல் கட்டடத்தை முற்றுகையிட்ட கூட்டத்திலும் அந்த மண்டையோடு தென்பட்டது. புருமிடியின் ஓவியத்துக்கு நேர்கீழே உள்ள மண்டபத்துக்குள்ளும் அந்தக் கூட்டம் புகுந்தது.

கேப்டன் அமெரிக்காவின் கதையும் சுவாரசியமானது. அவனை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே, 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே அவனை ஹிட்லரின் தாடையில் குத்தவைத்தார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஆனால் 1974-இல், அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழலின் சூட்டோடு, அவன் துரத்திப் போன ரகசியக் கும்பலின் தலைவன் வெள்ளை மாளிகைக்குள் முகமூடியைக் கழற்றித் தற்கொலை செய்துகொள்கிறான். முகத்தைக் காட்டமாட்டார்கள்; நிக்சன் என்று எல்லோருக்கும் புரிந்தது. மனம் உடைந்த நாயகன் தேசத்தின் பெயரையே கொஞ்ச காலம் துறந்துவிடுகிறான். சூப்பர்மேனும் 2011-இல் ஒரு கதையில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறப்பதாகச் சொன்னான். டெஹ்ரானில் போராட்டக்காரர்களோடு போய் நின்றால் அது அமெரிக்க அரசின் வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவன் குறை. பழமைவாதிகள் கொதித்தார்கள்.

டிரம்புக்கு வருவோம். 2020 அக்டோபரில் கோவிட் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது சட்டையைத் திறந்து உள்ளே சூப்பர்மேன் பனியனைக் காட்டலாமா என்று அவர் யோசித்ததாகச் செய்தி வந்தது, செய்யவில்லை. 2022 டிசம்பரில் சூப்பர்ஹீரோ உடையில் தன் படம் போட்ட டிஜிட்டல் அட்டைகளை 99 டாலருக்கு விற்றார். 45,000 அட்டைகளும் ஒரு நாளுக்குள் தீர்ந்தன. 2025 ஜூலையில் புதிய சூப்பர்மேன் படம் வெளியாகும் தருணத்தில் வெள்ளை மாளிகையே அவர் முகத்தைச் சூப்பர்மேன் உடம்பில் பொருத்தி வெளியிட்டது. இயக்குநர் ஜேம்ஸ் கன் அதற்குச் சில நாள் முன்புதான் சூப்பர்மேன் வேற்றிடத்திலிருந்து குடியேறி வந்தவன் என்று பேட்டியில் சொல்லி வலதுசாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். 1990களின் தொலைக்காட்சித் தொடரில் சூப்பர்மேனாக நடித்த டீன் கெய்ன், அந்தப் பேச்சைக் கண்டித்தவர்களில் ஒருவர், ஆகஸ்டில் குடியேற்ற அமலாக்கத் துறையில் சேரப்போவதாக அறிவித்தார்.

அந்தப் புதிய படத்தில் ஒரு காட்சி உண்டு. சண்டை இல்லை, ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேட்டி. இன்னொரு நாட்டின் படையெடுப்பைத் தன்னந்தனியாகப் போய்த் தடுத்துவிட்டு வந்திருக்கும் சூப்பர்மேனைப் பத்திரிகையாளர் லோயிஸ் லேன் குடைகிறார். அதிபரிடம் பேசினாயா, அமெரிக்காவின் பிரதிநிதி போல நடந்துகொள்ள உனக்கு யார் சொன்னது என்கிறார். அவன் எரிச்சலடைகிறான், குரலை உயர்த்துகிறான், மக்கள் சாகவிருந்தார்கள் என்கிறான். லோயிஸ் பேட்டியை நிறுத்துவதில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறார்.